கட்டைவிரல் போஸ்டர்

என் வேலை இப்போது கம்ப்யூட்டரில். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேனர் கடையில் உட்கார்ந்து, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் போனை நீட்டி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "கலரு பளிச்சினு இருக்கணும்மா." திரையில் என்ன கலரோ, அச்சிலும் ஏறக்குறைய அதே கலர்தான் வருகிறது. சுத்தமான வேலை, ஒழுங்கான சம்பளம், ஏசி வேறு. ஆனாலும் கறுப்பு வெள்ளையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சாவு வீட்டுக்காரர்கள் எதிரில் சிரித்து முதலாளியிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அவருக்குச் சொன்னால் புரியாது.

இதற்கு முன்னால் நான் டீக்கால் ரூமில் இருந்தேன். பீங்கான் கப்பில் ரோஜாப்பூவும் ஓட்டல் பேரும் இருக்கிறதே, அது கையால் வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, படத்தை மட்டும் நழுவவிட்டுக் கப்பின் மேல் ஒட்டி, மறுபடியும் சூளையில் வைத்துச் சுடவேண்டும். அந்த ஒட்டுப்படத்துக்குப் பெயர்தான் டீக்கால். மரச்சட்டத்தில் நைலான் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, படம் வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதையெல்லாம் அடைத்துவிடுவோம். மேலே எண்ணெயில் குழைத்த கலரை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அந்த இழுப்பு என்னுடையது. என் தோள்பட்டை இன்றைக்கும் வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

ரூமின் சொந்தக்காரர் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, செராமிக் ஷெட்டுகளின் நடுவில் ஒரு சின்ன இடம் பிடித்து இந்தத் தொழிலை ஆரம்பித்தவர். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போடத் தெரியாத மனுஷர். தப்பு செய்தால், "ஏம்மா, மனசு எங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பதில் அவர் அடித்திருக்கலாம் என்று தோன்றும்.

அந்த ரூமில் எந்தக் கலரும் தன் நிஜ முகத்தைக் காட்டாது. தங்கக் கோடு போடுகிற மை பார்க்கத் தார் மாதிரி இருக்கும். சூளைக்குப் போய்விட்டு வந்தால்தான் தங்கம். நீலத்தின் கதையும் அதேதான். டப்பாவில் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். சுட்டு எடுத்தால் அப்படி ஒரு நீலம். ஆனால் நாங்கள் யாரும் அதைக் கறுப்பு என்று சொன்னதில்லை. "நீலத்த எடு", "நீலம் தீந்துடுச்சு", "நீலத்துல எண்ண ஜாஸ்தி" என்றுதான் பேச்சு. சொல்லிச் சொல்லி, கண்ணும் அப்படியே பழகிவிட்டது. எங்கள் கண்ணுக்கு அது நீலமாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எங்களை முட்டாள்கள் என்று நினைக்கக் கூடாது.

பெரியம்மா, அதாவது என் அம்மாவின் அக்கா, எங்கள் ரூமுக்கு இரண்டு ஷெட் தள்ளி வேலை பார்த்தாள். மின்சார மீட்டர் பெட்டியில் போடுகிற பீங்கான் பியூஸ் கட்டைகள் அச்சிலிருந்து வெளியே வரும்போது ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். சுடுவதற்கு முன்னால் அந்தப் பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான் வேலை. நான் பாவாடை கட்டி ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கட்டையோடு சேர்ந்து விரலும் தேயும் என்று யாரும் கணக்கில் வைக்கவில்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனி ஆள். பிள்ளை கிடையாது. ரேஷன் கார்டில் ஒரே பேர். அந்தக் கார்டில் வருகிற அரிசிதான் அவளுடைய மாதம். ஷெட்டில் கிடைக்கிற கூலி மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும் சரியாகப் போய்விடும்.

அப்போதுதான் ரேஷன் கடைக்கு விரல் வைக்கிற மெஷின் வந்தது. கார்டைக் காட்டினால் போதாது, விரலை வைத்து நீ நீதான் என்று நிரூபிக்க வேண்டும். முதல் நாள் நானும் வரிசையில் இருந்தேன். பெரியம்மா விரல் வைத்தாள். மெஷின் கீ என்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. அடுத்த விரல். மறுபடியும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தலையில் தேய்த்துவிட்டு வை என்றார்கள். சேலையில் துடைத்துவிட்டு வை என்றார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியுதுங்கம்மா. மெஷினுக்குத் தெரியலியே."

"அதுக்குத் தெரியலன்னா போவுது. உனக்குத் தெரியுதுல்ல, போடு," என்றாள் பெரியம்மா.

"நான் போட்டா என் வேல போயிடுங்க. ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு வாரம் வேலைக்குப் போவாதீங்க. ராவுல கையில தேங்காண்ண தடவுங்க. ரேகை தானா வளந்துடும்."

"ரெண்டு வாரம் வேலைக்குப் போவலன்னா ரேகை வளரும். நான் இருப்பனா?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகினாள்.

அந்த மாதம் எங்கள் வீட்டிலிருந்து அரிசி கொடுத்தோம். அடுத்த மாதமும் சிவப்பு விளக்குதான். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா கூப்பிட்டு அனுப்பினால், "இப்பத்தான் துன்னன்" என்று பதில் வரும். ஒரு நாள் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்தேன். நொய்க் கஞ்சி, அதிலும் தண்ணீர்தான் பாதிக்கு மேல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவள் மேலேயே கத்திவிட்டு வந்தேன்.

அவளுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. அவளோடு பிசிறு தேய்த்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு விரல் ரேகை மெஷினில் விழவில்லை. ஆனால் மற்றவர்கள் வீட்டில் புருஷனோ பிள்ளையோ போய் விரல் வைத்தார்கள், அரிசி வந்தது. பெரியம்மாவுக்கும் தனியாக இருந்த இன்னும் சிலருக்கும்தான் வழி இல்லை. தாலுக்கா ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமையும் கொடுத்தோம். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது மனு கொடுத்துவிட்டுப் பாலக்கரை வழியாக நடந்து வந்தோம். சுவரெல்லாம் போஸ்டர். அதில் பாதிக்குமேல் சாவுப் போஸ்டர். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்ப்பாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவங்களுக்கெல்லாம் ஒட்றாங்க. உசுரோட இருக்கறவளுக்கு ஒட்டக் கூடாதா பாப்பா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் இருந்த ஒரு அச்சகத்துக்குப் போனேன். அவர் முதலில் கேட்டது, "எந்தக் கட்சிம்மா?" கட்சி இல்லை என்றேன். "எந்தச் சங்கம்?" அதுவும் இல்லை. "அப்ப இவண்ல யாரு பேரு போடுறது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் எந்தப் போஸ்டரை எடுத்தாலும் அடியில் இவண் என்று போட்டு, ஒட்டுகிறவர்களின் பேரை எழுதுவது வழக்கம். பேர் இல்லாத போஸ்டரைத் தொட அவர் தயாராக இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இவண் யார் என்கிற கேள்வியைப் பெண்களிடம் கொண்டுபோனேன். டீ நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பேச்சு. பேர் போட எல்லாருக்கும் பயம். ஒருத்திக்கு வீட்டுக்காரர் திட்டுவார், இன்னொருத்திக்கு மேஸ்திரி கணக்குத் தீர்த்துவிடுவார். அப்போது பெரியம்மா, "எம்பேரு எனக்கே எழுதத் தெரியாது. கைநாட்டு வெக்கறன், அது போதாதா?" என்றாள். கைநாட்டு என்பது எங்கள் பக்கம் படிக்காதவர்களைக் கேலி செய்கிற வார்த்தை. ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. போஸ்டரில் பெரிய படமாக அவளுடைய கட்டைவிரல், அடியில் இவண் என்று போட்டு மற்றவர்கள் ஒவ்வொரு தாளிலும் தங்கள் கட்டைவிரலை வைப்பது என்று முடிவானது. யார் என்று யாருக்கும் தெரியாது, ரேகையே இல்லாத விரலை வைத்து எவனும் கண்டுபிடிக்கவும் முடியாது. இதைச் சொன்னதும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது.

வாசகத்தை நான் எழுதினேன். அதிகார வர்க்கமே பதில் சொல் என்று ஆரம்பித்து வாசித்துக் காட்டினேன். பெரியம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அதிகார வர்க்கம்னா யாரு? அவரு எந்தத் தெருவு?" என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு அவள் சொன்னதையே எழுதினேன். இந்த விரலில் ரேகை இல்லை. வேலையில் தேய்ந்துவிட்டது. எங்கள் அரிசியைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

ஸ்டாம்ப் பேடில் அவள் விரலை அமுக்கி ஒரு தாளில் வைக்கச் சொல்லி, ஜெராக்ஸ் கடையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினேன். மெஷினிலிருந்து தாள் வெளியே வந்ததும் கடைக்காரப் பெண், "அக்கா, சரியா விழலக்கா, மறுபடி எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். சரியாகத்தான் விழுந்திருந்தது. கோடே இல்லை. நடுவில் ஒரு வெடிப்பு மட்டும் குறுக்கே ஓடியது. இத்தனை வருஷம் என் தலையைக் கோதிவிட்ட விரல் அது. நான் அதை அதுவரை பார்த்ததே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவே போதும் என்றேன்.

பாயிடம் கேட்கப் பயந்துகொண்டே போனேன். ஓட்டல்களுக்குக் கப் கொடுக்கிற மனுஷர், ஆபீஸ்காரர்களோடு வம்பு எதற்கு என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஜெராக்ஸ் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கெழம நான் தொழுகைக்குப் போவேன்ல? போயிட்டு வர வரைக்கும் ரூம்ல என்னா நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீலம் இருக்குது. மிச்சம் கெடக்குற டப்பாவ எடுத்துக்க. ஸ்டாம்ப் பேடு கலரு மாதிரியே இருக்கும்," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. நான் இழுக்கிறேன், ஒருத்தி தாள் வைக்கிறாள், ஒருத்தி எடுத்துக் கொடியில் மாட்டுகிறாள். பிசிறு தேய்க்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேராக வந்து, கலரைத் தொட்டு இவணுக்குக் கீழே விரல் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். ரூம் முழுக்க எண்ணெய் வாசனை, சிரிப்பு, "ஏ, என் விரலு மேல உன் விரல வெக்காத" என்று சண்டை. வருஷக்கணக்கில் ஊரான் ஓட்டல் பேரையும் ரோஜாவையும் இழுத்த கை என்னுடையது. எங்கள் பேச்சை முதல் முறையாக இழுத்தேன். இப்போது ஏசியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சந்தோஷத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தொழுகை முடிந்து பாய் முன்னதாகவே வந்துவிட்டார். கொடியில் தொங்கிய தாள்களைப் பார்த்து, "மாஷா அல்லா, நீலம் நல்லா விழுந்துருக்கும்மா," என்றார். ஆமாம் பாய் என்றோம்.

சூளைக்குப் போகாத நீலம் கறுப்பாகவே இருக்கும் என்பது அந்த ரூமில் இருந்த ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கடைகள் பாதி மூடியிருந்த நேரத்தில், மைதாப் பசை காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு போய் ஒட்டினோம். பஸ் ஸ்டாண்டு, பாலக்கரை, தாலுக்கா ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடைச் சுவர். பெரியம்மாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. வெயிலில் எண்ணெய் ஊறி, சின்ன எழுத்துகளெல்லாம் கலங்க ஆரம்பித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ஊர் பார்த்தது என்ன தெரியுமா? வெள்ளைத் தாளில் கறுப்பாக ஏதோ ஒரு வட்டம், அடியில் கலங்கின எழுத்து, சுற்றி நின்று ஒட்டுகிற பெண்கள். சாவுப் போஸ்டர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு பெண் ஓவென்று ஒப்பாரி வைக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் வெளியே ஓடினோம். நல்லூரிலிருந்து பெரியம்மாவின் கொழுந்தனாரும் அவர் பெண்சாதியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் கையில் பெரிய ரோஜா மாலை. பெரியப்பா இறந்த பிறகு நிலத் தகராறில் பேச்சு நின்றுபோய், பல வருஷமாக வாசல் மிதிக்காதவர்கள். நல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்த யாரோ, நாங்கள் ஒட்டுவதைப் பஸ்ஸில் இருந்தபடி பார்த்துவிட்டு, வாளியோடு பின்னால் நின்ற பெரியம்மாவைக் கவனிக்காமல், "ஒங்க அண்ணி வூட்டுப் பொண்ணுங்க கறுப்பு போஸ்டரு ஒட்டிட்டு இருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

பெரியம்மா துடைப்பத்தோடு வெளியே வந்து, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

கொழுந்தனார் மாலையோடு அப்படியே நின்றுவிட்டார். வாய் குழறி, "நீங்கதான் அண்ணி," என்றார்.

தெருவே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த மனுஷர் சிரிக்கவில்லை. குழந்தை மாதிரி அழுதார். "மூஞ்சியப் பாக்காமப் போயிட்டீங்களேன்னு பஸ்ஸு பூரா அழுதுக்கிட்டே வந்தேன் அண்ணி," என்றார். பெரியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பிறகு அவர் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டாள். "சரி, உள்ள வாங்க. காப்பி போடறன். சக்கர இருக்காது. ரேஷன்ல நான் யாருன்னே தெரியலியாம்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க அண்ணி யாருன்னு அவனுக்குத் தெரியலியா? வாங்க, நான் சொல்றேன்," என்று எழுந்தார். பெரியம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

சாவு மாலையோடு ஒரு பெண்பிள்ளை தெருவில் நடந்தால் எப்படி இருக்கும்? ஷெட்டுகளைத் தாண்டும்போது டீ நேரம். பிசிறு தேய்க்கிற பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் போய்ச் சுவரில் இருந்ததைக் கிட்டே நின்று படித்தார்கள். ரேஷன் கடை வாசலில் பெரியம்மா கார்டை நீட்டினாள்.

"தம்பி, சாவுச் சேதி ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. மாலையும் வந்துடுச்சு. அட்டையிலேர்ந்து எம்பேர அடிச்சுடு. இல்லன்னா அரிசியப் போடு. ரெண்டுல ஒண்ணு."

யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது எங்கெங்கேயோ போய்விட்டது. சாயங்காலம் ஜீப்பில் ஒரு அதிகாரி அம்மா வந்தார். அதுவரை பெரியம்மா மாலையைக் கழற்றாமல் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அம்மா கையில் எங்கள் போஸ்டர் ஒன்று இருந்தது, சுவரிலிருந்து உரித்தது. "இது எந்தப் பிரஸ்ல அடிச்சது?" என்று கேட்டார். கூட்டத்தின் கடைசியில் பாய் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பெரியம்மாவையே பார்த்தேன்.

"என் விரல்ல அடிச்சதும்மா," என்றாள் பெரியம்மா.

அதிகாரி அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் கையையும் பார்த்தார். இன்னொருத்தி கையையும் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கண்ணைப் படம் பிடிக்கிற மெஷின் வரும்வரை இவர்களுக்கு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போடச் சொன்னார். கடைக்காரர் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா."

"தெரியாதே தம்பி."

"அப்ப பெருவிரல வைங்க."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியம்மா ஸ்டாம்ப் பேடில் விரலை அமுக்கி நோட்டில் வைத்தாள். கோடு இல்லாத ஒரு வட்டம், நல்ல நீலத்தில். மெஷின் வேண்டாம் என்ற அதே விரலை நோட்டு வாங்கிக்கொண்டது. அரிசியைப் பையில் கொட்டும்போது அவள் மாலையைக் கழற்றிக் கொழுந்தனார் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்க, பின்னால ஆவும்," என்றாள்.

பாய்க்குத் தன் மேலேயே கோபம். "இத்தன வருஷமா இந்தக் கலர்ல கெடக்குறேன், எனக்கே கறுப்பாத் தெரியலியேம்மா," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஒரு நாள் போஸ்டர் அடித்த அந்த மரச்சட்டத்தையே எடுக்கச் சொல்லி, விரலை மட்டும் டீக்காலாக அடித்து, ஒரு வெள்ளைப் பீங்கான் தகட்டில் ஒட்டிச் சூளையில் வைத்தார். மறுநாள் எடுத்தபோதுதான் அது நாங்கள் நினைத்த நீலம். பெரியம்மா அதைத் தன் வீட்டு நிலைக்குப் பக்கத்தில் சிமெண்டு வைத்துப் பதித்துக்கொண்டாள். சுவரில் ஒட்டிய தாளெல்லாம் அடுத்த மழையில் போய்விட்டது.

அதற்குப் பிறகு கண் மெஷின் வந்தது. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்தக் கடைக்கு வந்தேன். பெரியம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஷெட்டில் பறக்கிற தூள் அவளை விடவில்லை. நெஞ்சில் ஊதல் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் டாக்டர் இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தாள். நல்லூர்க்காரர் மாதா மாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

போன மாதம் ஒரு நாள் அரிசிப் பையோடு என் கடைக்கு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, ஏசியைக் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு சொன்னாள்: "கண்ணு மெஷினு ரிப்பேராம் பாப்பா. கடக்காரரு சும்மா வெரல வெச்சுப் பாருங்கன்னாரு. வெச்சேன். பச்ச வெளக்கு எரிஞ்சுது."

"நல்லதுதான பெரிம்மா."

"என்னா நல்லது? வேல செஞ்சப்பல்லாம் நீ யாருன்னு கேட்டுது. ஒண்ணுத்துக்கும் ஆவாம வூட்ல குந்துன பெறகு வா வான்னு கூப்புடுது."

சாயங்காலம் கடை முடிந்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பூட்டைத் திறப்பதற்கு முன்னால், நிலைக்குப் பக்கத்தில் இருந்த தகட்டின் மேல் அவள் தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் எனக்கும் தெரிந்தது. உயிரோடு இருந்த விரலில் மெல்லிசாகக் கோடுகள் வந்திருந்தன. நீல விரலில் ஒன்றும் இல்லை.

"இதுதான் நானு," என்றாள் தகட்டைக் காட்டி. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருதுன்னு தெரியல பாப்பா," என்று சொல்லிச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.